மொபைல் கிரேன் உரிமத் தேர்வு: லோடு சார்ட் கணக்கில் எங்கே மதிப்பெண் போகிறது?

புதுலீவர்:
எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் ரிக்கராகக் கீழே நின்று, சுமையைக் கட்டி ஹூக்கில் மாட்டும் வேலை பார்த்தவன், இப்போது டெலஸ்கோபிக் மொபைல் கிரேன் உரிமத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். முதலில் எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் செய்முறை. சிக்னல், ஸ்லிங் (சுமையைக் கட்டும் கயிறு, சங்கிலி), ஷேக்கிள் (அதை மாட்டும் இரும்பு வளையம்) எல்லாம் கைப்பழக்கம், அதில் பயமில்லை. எந்தத் தொலைவில் எவ்வளவு தூக்கலாம் என்று சொல்லும் லோடு சார்ட்தான் இடிக்கிறது. மாதிரித் தாளில் வந்த கேள்வி இது:

பூம் (கிரேனின் நீளும் கை) 25 மீட்டர். சார்ட்டில் 12 மீட்டர் ரேடியஸுக்கு (கிரேனிலிருந்து சுமை தொங்கும் கிடைமட்டத் தொலைவு) 9.8 டன், 14 மீட்டருக்கு 7.6 டன். சுமையை இறக்கும் இடம் 12.8 மீட்டரில். சுமை 5.6 டன். ஹூக் பிளாக் (கப்பிகளோடு சேர்ந்த ஹூக்) 350 கிலோ, ஸ்லிங்கும் ஷேக்கிளும் 150 கிலோ, ஸ்பிரெடர் பீம் (ஸ்லிங்கை விரித்துப் பிடிக்கும் சட்டம்) 400 கிலோ, பூமில் மடக்கி வைத்திருக்கும் ஜிப்புக்கு (பூம் நுனியில் மாட்டும் கூடுதல் கை) கழிக்க வேண்டியது 600 கிலோ. தூக்கலாமா? எத்தனை விழுக்காடு?

12-க்கும் 14-க்கும் நடுவே விகிதம் போட்டால் 8.92 டன் வருகிறது. விடைத்தாள் 7.6-ஐத்தான் எடுக்கச் சொல்கிறது. விழுக்காடு 93 என்கிறது. கூடப் படிக்கிற நண்பர் 92 என்று சத்தியம் செய்கிறார். யார் சொல்வது சரி?

சார்ட்சாமி:
விடைத்தாள் சரி, தம்பி. சார்ட்டில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே நமக்கு இடமே கிடையாது. தயாரிப்பாளர் 12 மீட்டருக்கு ஓர் எண் தந்திருக்கிறார், 14-க்கு ஓர் எண் தந்திருக்கிறார். நடுவில் திறன் நேர்கோட்டில்தான் குறையும் என்று அவர் எங்கேயும் எழுதித் தரவில்லை. 12.8 என்றால் 14-இன் வரிசைக்கு இறங்கிவிட வேண்டும்.

பூம் நீளமும் அப்படித்தான். சார்ட்டில் 21-ம் 25-ம் இருக்க, பூம் 23.4-இல் நின்றால் பெரும்பாலும் 25-இன் பத்தி. "பெரும்பாலும்" என்று சொல்லக் காரணம் உண்டு. சில கிரேன்களில் செக்ஷன்களை நீட்டும் வரிசையைப் பொறுத்து நீளமான பூமுக்குக் கூடுதல் எண் போட்டிருப்பார்கள். அதனால் இரண்டு பத்தியையும் பார்த்து எது சிறியதோ அதை எடு. தேர்வில் இதை வைத்தே ஒரு கேள்வி வரும்.

இப்போது கணக்கு. மொத்தக் கழிவு 350 + 150 + 400 + 600, அதாவது 1.5 டன். 7.6-இல் கழித்தால் நிகரத் திறன் 6.1 டன். சுமை 5.6. தூக்கலாம்.

விழுக்காட்டில் நீங்கள் இருவரும் இரண்டு வேறு பின்னங்களைப் பார்க்கிறீர்கள். நண்பர் 5.6-ஐ 6.1-ஆல் வகுக்கிறார், 91.8 வருகிறது. விடைத்தாள் 5.6-உடன் 1.5 சேர்த்து 7.1 ஆக்கி, அதை 7.6-ஆல் வகுக்கிறது, 93.4 வருகிறது. கேபினில் இருக்கும் எல்.எம்.ஐ. (பாரத்தை அளந்து எல்லை தாண்டினால் எச்சரிக்கும் கருவி) திரை காட்டுவது இரண்டாவதற்குப் பக்கத்தில் இருக்கும். ஹூக்கில் என்ன தொங்கினாலும் அந்தக் கருவிக்கு அது பாரம்தான். கேள்வியில் "சார்ட் திறனில் எத்தனை விழுக்காடு" என்று இருந்தால் இரண்டாவது முறை. "நிகரத் திறனில்" என்று இருந்தால்தான் நண்பரின் முறை.

ஜாய்ஸ்டிக்:
இவ்வளவு மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் நண்பா. பழைய கேள்விகள் எல்லாம் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதை நாலு முறை ஓட்டினால் போதும். நான் அப்படித்தான் தேறினேன். சார்ட் கேள்வியிலும் எண்களைத்தான் மாற்றுவார்கள், மாதிரி மாறாது.

மெயின்ஹூக்:
தேறுவது ஒன்று, மறுநாள் கேபினில் உட்காருவது வேறு. அதை விடு, தேர்வை மட்டும் வைத்துப் பேசினாலும் இந்த வழியில் ஓட்டை இருக்கிறது.

எண்ணை மாற்றுவதோடு நிறுத்தமாட்டார்கள். அடிக்குறிப்பையும் மாற்றுவார்கள். ஒரு சார்ட்டில் ஹூக் பிளாக்கைக் கழிக்க வேண்டும் என்று இருக்கும். இன்னொன்றில் குறிப்பிட்ட பிளாக் ஏற்கெனவே கழிக்கப்பட்டது என்று இருக்கும். மடக்கிய ஜிப்புக்கு ஒரு கழிவு. அதே ஜிப்பை நீட்டி வைத்துக்கொண்டு மெயின் ஹூக்கில் தூக்கினால் அதைவிடப் பெரிய கழிவு. ஜிப்பின் எடை 500 கிலோ என்றால் கழிவும் 500 என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது பூம் நுனிக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதன் தாக்கம் எடையைவிட அதிகம். அதனால்தான் எடை வேறு, கழிக்க வேண்டிய அளவு வேறு என்று சார்ட்டிலேயே தனியாகப் போட்டிருக்கிறார்கள்.

பழைய விடையை மனப்பாடம் செய்தவன் அடிக்குறிப்பைப் படிக்கமாட்டான். தேர்வு வைப்பவருக்கும் அது தெரியும்.

இன்னொன்று, குழுக்களில் சுற்றும் தாள்களில் காலாவதியான எண்கள் நிறைய. ஹூக்கின் வாய் விரிவை எடுத்துக்கொள். பழைய அமெரிக்கக் குறிப்புகளில் 15 விழுக்காடு விரிந்தால் மாற்று என்று இருக்கும். ஹூக்குகளுக்கான இப்போதைய அமெரிக்க பி30.10 தரத்தில் 5 விழுக்காடு, அதுவும் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. முறுக்கலுக்கு முன்பு 10 டிகிரி வரை விட்டிருந்தார்கள். இப்போது கண்ணுக்குத் தெரிந்தாலே ஹூக் வெளியே. பழைய தாளை நம்பினால் இரண்டு மதிப்பெண் அங்கேயே போய்விடும்.

ஜாய்ஸ்டிக்:
ஹூக் விஷயம் ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் எல்.எம்.ஐ. இருக்கும் காலத்தில் ஒருவன் உட்கார்ந்து கையால் கழித்துக்கொண்டிருப்பதில் என்ன பயன்? அதிகமானால் அதுவே கத்தும், லீவரையும் பூட்டிவிடும்.

சார்ட்சாமி:
எல்.எம்.ஐ.க்கு எது தெரியும், எது தெரியாது என்று பார். பூம் நீளம், கோணம், சிலிண்டர் அழுத்தம் இவற்றைச் சென்சார் சொல்லும். எத்தனை ஃபால் (பூம் நுனிக்கும் ஹூக் பிளாக்குக்கும் நடுவே ஓடும் கயிற்று இழை) போட்டிருக்கிறாய், கவுண்டர்வெயிட் (பின்பக்க எதிர் எடை) எவ்வளவு ஏற்றியிருக்கிறாய், அவுட்ரிக்கர் (கிரேனைத் தாங்கப் பக்கவாட்டில் நீட்டும் கால்) முழுதாக நீட்டியதா பாதியா என்பதெல்லாம் பல மாடல்களில் ஆபரேட்டர் கையால் உள்ளிட வேண்டியவை. பாதி நீட்டிய அவுட்ரிக்கரில் நின்றுகொண்டு "முழு நீட்டம்" என்று உள்ளிட்டிருந்தால் அது கத்தவே கத்தாது. பச்சை விளக்கோடு கவிழலாம். தரை அமுங்குவதும் அதற்குத் தெரியாது.

அப்புறம், அது கத்தும்போது சுமை ஏற்கெனவே காற்றில் இருக்கும். கையால் போடும் கணக்கு தரையிலேயே பதில் சொல்லிவிடும்.

ஷேக்கிள்:
சார்ட்டில் நடுவே ஒரு தடித்த கோடு போகுமே, சிலவற்றில் நிழல் கட்டம் இருக்குமே, அதைப் பற்றிக் கேட்பார்களா?

மெயின்ஹூக்:
கண்டிப்பாகக் கேட்பார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தாளிலேயே முக்கியமான கேள்வி அதுதான்.

கோட்டுக்கு மேலே, அதாவது கிட்டத்து ரேடியஸில் உள்ள எண்கள் இரும்பின் வலிமையால் வந்தவை. மிஞ்சினால் பூமோ, சிலிண்டரோ, திருப்புத் தட்டின் போல்ட்டோ போகும். கோட்டுக்குக் கீழே, தொலைவு ரேடியஸில் உள்ளவை கவிழ்வதை வைத்து வந்தவை. அமெரிக்க முறைச் சார்ட்டுகளில் அவுட்ரிக்கர் மீது நிற்கும்போது, கவிழ்க்கும் பாரத்தில் 85 விழுக்காட்டைத் தாண்டாமல் எண் போட்டிருப்பார்கள். டயர் மீது நின்று தூக்கினால் 75.

இதில் என்ன விஷயம் என்றால், பழைய கைகள் பலர் "பின் அவுட்ரிக்கர் லேசாகத் தூக்கினால் நிறுத்திக்கொள்ளலாம்" என்று உடம்பின் உணர்வை நம்பி ஓட்டுகிறார்கள். கோட்டுக்குக் கீழே அந்த உணர்வு ஏதாவது சொல்லும், அதையும் தாமதமாகத்தான் சொல்லும். கோட்டுக்கு மேலே ஒன்றுமே சொல்லாது. கிரேன் பாறை மாதிரி நிற்கும், பூம் முறியும். "பின்பக்கம் லேசானால் திறன் எல்லை வந்துவிட்டது என்று அறியலாம், சரியா தவறா" என்ற கேள்விக்குத் தவறு என்று எழுதுபவர்களிலும் பாதிப் பேருக்குக் காரணம் தெரியாது.

புதுலீவர்:
ரொம்ப நன்றி அண்ணே, சார்ட்சாமி அண்ணனுக்கும். ரேடியஸை எங்கிருந்து அளப்பது என்பதிலும் ஒரு சந்தேகம். பூம் அடியிலிருந்தா, கேபின் முனையிலிருந்தா?

சார்ட்சாமி:
இரண்டும் இல்லை. கிரேன் சுழலும் அச்சிலிருந்து, சுமை தொங்கும்போது ஹூக்கின் நடுவிலிருந்து விழும் செங்குத்துக் கோடு வரை, கிடைமட்டமாக. "சுமை தொங்கும்போது" என்பதை அடிக்கோடிட்டுக்கொள். வெறும் ஹூக்கோடு 12 மீட்டரில் நிற்கும் பூம், பாரம் ஏறியதும் வளைந்து நுனி வெளியே போகும். அவுட்ரிக்கரும் அதன் அடியில் போடும் மேட்டும் (பலகை) கொஞ்சம் அமுங்கும். ரேடியஸ் கூடிவிடும். சார்ட்டில் கட்டத்தின் விளிம்பில் இருக்கும் வேலை என்றால், இந்த வளைவே உன்னை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடும். தரையை விட்டுச் சுமை கிளம்பும்போது பூமை மேலே எடுத்து ஹூக்கைச் சுமைக்கு நேராகக் கொண்டுவர வேண்டியிருப்பதும் இதனால்தான். இல்லாவிட்டால் சுமை தரையைக் கீறிக்கொண்டு முன்னால் ஓடும்.

வேகமாகச் சுழற்றினாலும் சுமை வெளிப்பக்கம் வீசும், ரேடியஸ் கூடும்.

மேட்டுக்கட்டை:
இத்தனை பதிவில் தரையைப் பற்றி ஒருவர்தான் ஒரு வரி எழுதினார். நான் லிஃப்ட் பிளான் போடுபவள், வயிறு எரிகிறது.

தேர்வில் மேட் கணக்கு சின்னதுதான், ஆனால் வரும். கிரேன் 36 டன், ஹூக்கில் மொத்தப் பாரம் 7.1 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்து 43.1. பூம் ஒரு மூலைக்கு நேராக வரும்போது அந்த ஒரே அவுட்ரிக்கர் மொத்தத்தில் முக்கால் பங்கு வரை வாங்கலாம் என்பது கைக்கணக்கு. 32.3 டன். தயாரிப்பாளர் அவுட்ரிக்கர் எதிர்விசையைக் கொடுத்திருந்தால் கைக்கணக்கை விட்டுவிட்டு அதை எடுங்கள்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மேட் போட்டால் தரைக்குச் சதுர மீட்டருக்கு 32.3 டன். ஒன்றரைக்கு ஒன்றரை போட்டால் பரப்பு 2.25, அழுத்தம் 14.4 டன்னாக இறங்கிவிடும். பக்கம் ஒன்றரை மடங்குதான் கூடியது, அழுத்தம் பாதிக்கும் கீழே. ஆனால் மெல்லிய பலகையை அகலமாகப் போட்டால் இந்தக் கணக்கு பொய். ஓரம் வளைந்து மேலே எழும், நடுவில் உள்ள சின்னப் பரப்புதான் பாரம் தாங்கும். மேட் விறைப்பாக இருக்க வேண்டும்.

மட்டம்: பொதுவாக 1 விழுக்காட்டுக்குள். அவுட்ரிக்கர்களுக்கு நடுவே 6 மீட்டர் என்றால் 6 சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குள். சாய்ந்த தரையில் நின்றால் பூமுக்குப் பக்கவாட்டு இழுப்பு வரும். பூம் மேலே தூக்கிச் சுமக்கச் செய்யப்பட்டது, பக்கவாட்டில் அதற்கு வலு குறைவு. சார்ட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணும் மட்டமான, உறுதியான தரை என்ற நிபந்தனையோடு வந்தது. அடிக்குறிப்பில் முதல் வரியே அதுதான். யாரும் படிப்பதில்லை.

பக்கத்தில் புதிதாக மூடிய பள்ளம், நிலத்தடிக் குழாய், பாதாள அறை இருக்கிறதா என்று கேட்டு எழுதச் சொல்லும் கேள்விகளும் உண்டு.

புதுலீவர்:
அக்கா, அந்த 7.1 டன் என் கேள்வியின் எண்தானே! 93 விழுக்காட்டில் உங்கள் தளத்தில் தூக்க விடுவீர்களா?

மேட்டுக்கட்டை:
விடமாட்டேன். கிரேனை அருகே கொண்டு வா, 12 மீட்டருக்குள் வந்தால் 9.8 கிடைக்கும், 72 விழுக்காட்டில் முடியும் என்பேன். பல தளங்களில் 75-ஐத் தாண்டினாலே தனித் திட்டம், தனி அனுமதி வேண்டும். ஆனால் தேர்வுத் தாளில் "தூக்கலாமா" என்றால் சார்ட் அனுமதிக்கிறதா என்றுதான் அர்த்தம். தளத்து விதியை அங்கே எழுதாதே.

ஷேக்கிள்:
ஸ்லிங்கில் பயமில்லை என்று சொன்னவரைக் கொஞ்சம் சோதிக்கலாமா? 4 டன், இரண்டு கால் ஸ்லிங், கோணம் 30 டிகிரி. ஒரு காலில் எவ்வளவு?

புதுலீவர்:
கிடைமட்டத்திலிருந்தா, செங்குத்திலிருந்தா என்று சொல்லாமல் எப்படிச் சொல்வது?

ஷேக்கிள்:
அடி சக்கை. அதைக் கேட்பதுதான் பதில். கிடைமட்டத்திலிருந்து 30 என்றால் ஒவ்வொரு காலிலும் முழு 4 டன். செங்குத்திலிருந்து 30 என்றால் 2.31. ஒரே எண், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். சில பாடத்திட்டங்கள் கிடைமட்டக் கோணத்தில் பேசும், சில செங்குத்துக் கோணத்தில், சில இரண்டு கால்களுக்கும் இடையே உள்ள கோணத்தில். கடைசி முறையில் இதே 4 டன் நிலை 120 டிகிரி. படம் போட்டிருந்தால் கோணத்தின் வில் எங்கே வரைந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நான்கு கால் ஸ்லிங்கிலும் ஒரு பொறி இருக்கிறது. சுமை விறைப்பானது என்றால் நான்கு காலும் சமமாகத் தாங்காது, நாற்காலி ஒரு காலை ஊன்றாமல் ஆடுவது போல. அதனால் ஐரோப்பியச் சங்கிலி ஸ்லிங் அட்டவணையில் செங்குத்திலிருந்து 45 டிகிரி வரை நான்கு காலுக்கும் காரணி, அதாவது ஒற்றைக் காலின் திறனைப் பெருக்க வேண்டிய எண், 2.1-தான். மூன்று கால் தாங்குவதாகக் கணக்கு. இன்னும் கண்டிப்பான இடங்களில் இரண்டே கால். நான்கால் பெருக்கி எழுதினால் பூஜ்யம்.

டவர்_கேபின்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் டவர் கிரேன். காற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் தேர்வில் பாதி அதுதான்.

மேட்டுக்கட்டை:
நியாயம். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி ஏறும். வினாடிக்கு 10 மீட்டரில் சதுர மீட்டருக்குச் சுமார் 61 நியூட்டன், 14 மீட்டரில் 120. வேகம் பாதிகூடக் கூடவில்லை, அழுத்தம் இரட்டிப்பு. 12 சதுர மீட்டர் பேனல் ஒன்றை, வடிவக் காரணி 1.2 என்று வைத்துத் தூக்கினால், 10 மீட்டர் காற்றிலேயே 90 கிலோ எடைக்குச் சமமான பக்கவாட்டுத் தள்ளல் வரும். டேக் லைன் (சுமை திரும்பாமல் பிடிக்கும் கயிறு) பிடித்திருக்கும் ஒருவரால் அதை நிறுத்த முடியாது.

சார்ட்டில் "இந்த வேகம் வரை தூக்கலாம்" என்று போட்டிருப்பது சாதாரண சுமைக்கு. எடை குறைந்து பரப்பு பெரிதாக இருந்தால் அந்த எல்லைக்கு வெகு முன்பே நிறுத்த வேண்டும். வேகத்தைப் பூம் நுனியில் அளக்க வேண்டும், தரையில் அல்ல.

புதுலீவர்:
செய்முறைத் தேர்வு பற்றியும் சொல்லுங்கள். சுமையை வட்டத்துக்குள் வைப்பது, கம்புகளுக்கு நடுவே தட்டாமல் வளைத்துக் கொண்டுபோவது, கண் கட்டாத குறையாகச் சிக்னலை மட்டும் பார்த்து இறக்குவது என்றெல்லாம் சொல்கிறார்கள். சிமுலேட்டரில் சுமை ஆடுவதை என்னால் அடக்க முடியவில்லை.

மெயின்ஹூக்:
ஆட்டத்தை அடக்குவதைவிட ஆடவே விடாமல் கிளம்புவது சுலபம். ஒரு உத்தி சொல்கிறேன்.

தொங்கும் சுமை ஒரு ஊசல். அதன் அலைவு நேரம் கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததல்ல. பூம் நுனியிலிருந்து சுமையின் நடு வரை 10 மீட்டர் என்றால் ஒரு முழு அலைவு 6.3 வினாடி. 20 மீட்டர் என்றால் 9 வினாடி. இதைப் பயன்படுத்திக்கொள். ஸ்விங் செய்யும்போது, அதாவது பூமைச் சுழற்றும்போது, நீ விரும்பும் வேகத்தில் பாதிக்கு முதலில் போ. சுமை பின்தங்கும், பிறகு வேகமெடுத்து முன்னால் வரும். அரை அலைவில், அதாவது 10 மீட்டர் கயிற்றில் சுமார் 3 வினாடியில், அது நுனிக்கு நேர் கீழே வந்திருக்கும். அப்போது அதன் வேகம் நீ விரும்பிய முழு வேகம். அந்த நொடியில் பூமையும் முழு வேகத்துக்குக் கொண்டுபோ. இரண்டும் சேர்ந்து நகரும், ஆட்டம் இருக்காது. நிறுத்தும்போதும் இதே போல இரண்டு படி: பாதியாகக் குறை, அரை அலைவு காத்திரு, நிறுத்து.

உண்மையான கிரேனில் வேகம் வெடுக்கென்று மாறாது என்பதால் இது கணக்குப்படி அச்சாக வராது. ஆனாலும் கை அந்தத் தாளத்துக்குப் பழகிவிடும். கயிறு நீளமானால் தாளம் மெதுவாகும், அதைத்தான் புதியவர்கள் கவனிப்பதில்லை. எல்லா உயரத்திலும் ஒரே மாதிரி லீவரைத் தள்ளுகிறார்கள்.

ஏற்கெனவே ஆடுகிறது என்றால், சுமை ஒரு பக்கத்துக் கடைசிக்கு ஏறும்போது பூம் நுனியை அதன் தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்து. ஆட்டம் செத்துவிடும். எதிர்ப்பக்கம் இழுத்தால் இன்னும் கூடும்.

ஜாய்ஸ்டிக்:
இது எனக்கே புதுசு. சிமுலேட்டரில் போட்டுப் பார்க்கிறேன் அண்ணே. செய்முறையில் ஒன்று நான் சேர்க்கிறேன்: நேரம் இருக்கிறது என்று சும்மா நிற்காதே, அதற்காக ஓட்டப்பந்தயமும் வேண்டாம். கம்பைத் தட்டினால் போகும் மதிப்பெண், சில வினாடி மெதுவாகப் போவதால் போவதைவிட அதிகம். என் தொகுதியில் போனவர்கள் பெரும்பாலும் அவசரத்தில்தான் போனார்கள்.

ஷேக்கிள்:
சிக்னல் தெரியும் என்று சொன்னாய், ஆனால் தளத்தில் பழகிய சிக்னல் வேறு, தேர்வு கேட்கும் சிக்னல் வேறாக இருக்கலாம். அமெரிக்க முறையில் ஒரு கையை நீட்டி உள்ளங்கை கீழே பார்க்க ஆட்டினால் நில், இரண்டு கையும் என்றால் அவசர நில். இரண்டு கையையும் முன்னால் கோத்துப் பிடித்தால் எல்லா இயக்கத்தையும் நிறுத்திப் பூட்டு. கட்டைவிரல் மேலே என்றால் பூம் மேலே. இரண்டு முட்டியும் இடுப்புக்கு முன்னால், கட்டைவிரல்கள் வெளிப்பக்கம் என்றால் பூமை நீட்டு, உட்பக்கம் என்றால் சுருக்கு. தலையில் முட்டியால் தட்டினால் மெயின் ஹாய்ஸ்ட் (சுமையை ஏற்றி இறக்கும் வின்ச்), முழங்கையைத் தட்டினால் துணை ஹாய்ஸ்ட். பிரிட்டிஷ் முறையில் இவற்றில் சில மாறும். உன் தேர்வு எந்த அட்டவணை என்று கேட்டுத் தெரிந்துகொள்.

நில் என்ற சிக்னலை யார் கொடுத்தாலும் நிறுத்த வேண்டும். மற்றதெல்லாம் நியமித்த சிக்னல்மேன் ஒருவரிடமிருந்து மட்டும்.

டவர்_கேபின்:
மின்கம்பி கேள்வி? எங்களுக்கு ஒன்று கட்டாயம் வந்தது.

மெயின்ஹூக்:
அந்தந்த நாட்டு விதியைப் படிக்க வேண்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் அட்டவணையில் 50 கிலோவோல்ட் வரை 3 மீட்டர், அதற்கு மேல் 200 வரை 4.6 மீட்டர், 350 வரை 6.1 மீட்டர். இடைவெளியைப் பூமுக்கு மட்டும் பார்க்கக்கூடாது, கயிறு, சுமை, டேக் லைன் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். தொட்டுவிட்டால் கேபினிலேயே இரு, முடிந்தால் பூமை விலக்கு. தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டு காலையும் சேர்த்துக் குதி, கிரேனையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதே. பிறகு காலைச் சேர்த்தே சிறு சிறு எட்டாகத் தேய்த்து விலகு.

சார்ட்சாமி:
கடைசியாக ஒரு கணக்கு, புதுலீவர் தம்பிக்கு. ஹூக் பிளாக் உட்பட மொத்தப் பாரம் 18.5 டன். ஒரு ஃபாலுக்கு அனுமதித்த இழுவிசை 4.2 டன். பூம் நுனியிலிருந்து தரை வரை 28 மீட்டர், நுனியிலிருந்து கயிறு சுற்றும் டிரம் வரை 27 மீட்டர், கயிறு மொத்தம் 180 மீட்டர், டிரம்மில் கடைசி 3 சுற்று இருந்தே ஆக வேண்டும், ஒரு சுற்று 1.4 மீட்டர். எத்தனை ஃபால் போடுவாய்? பாதுகாப்புக்கு ஒன்று கூட்டிப் போட்டால் என்ன ஆகும்? உராய்வை விட்டுவிடு.

புதுலீவர்:
18.5-ஐ 4.2-ஆல் வகுத்தால் 4.4. மேல்நோக்கி முழுமையாக்கினால் 5 ஃபால். கயிறு 5 × 28 = 140, டிரம் வரை 27, மூன்று சுற்றுக்கு 4.2. மொத்தம் 171.2 மீட்டர், 180-க்குள் அடங்குகிறது. 6 ஃபால் என்றால் 168 + 27 + 4.2 = 199.2. ஹூக் தரையைத் தொடும் முன்பே கயிறு தீர்ந்துவிடும். அதனால் 5-தான். சரியா?

சார்ட்சாமி:
சரி. இன்னும் இரண்டு கேள்வி இதிலிருந்தே கிளைக்கும், அவற்றையும் பார்த்துவிடு. 5 ஒற்றைப்படை என்பதால் கயிற்றின் கட்டிய முனை ஹூக் பிளாக்கில் வரும். இரட்டைப்படையாக இருந்தால் பூம் நுனியில். அந்த முனையில் வெட்ஜ் சாக்கெட் (கயிற்று முனையை ஆப்பு வைத்து இறுக்கும் கூடு) போடும்போது பாரம் தாங்கும் பக்கம் பின்னுக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். மிச்சவாலில் கிளிப் போடலாம், ஆனால் வாலையும் பாரம் தாங்கும் கயிற்றையும் சேர்த்து ஒரே கிளிப்பில் இறுக்கக்கூடாது. படத்தைக் காட்டி எது தவறு என்று கேட்பார்கள், பெரும்பாலும் தவறு அந்தக் கிளிப்பில்தான் இருக்கும்.

ஃபாலை 4-இலிருந்து 5-க்கு மாற்றியதும் எல்.எம்.ஐ.யில் அந்த எண்ணை மாற்றினாயா என்பது இரண்டாவது கேள்வி.